குப்பியும் பொட்டலமும்

கொடியைப் பெட்டியின் மேல் விரிக்கப் போன யோசுவாவின் கையைச் செல்லபாய் பிடித்துக்கொண்டாள். முற்றத்தில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். பார்க்கட்டும். புருஷன் பெட்டிக்குள் கிடக்கும்போது இன்னொருத்தன் கையைப் பிடித்தாள் என்று நாளைக்குக் குளத்தூர் முழுக்கப் பேசினாலும் பேசட்டும்.

"இது வேண்டாம் அண்ணா."

"வேண்டாம்னா? இந்தக் கொடிக்காகத்தானே ராஜப்பன் அடி வாங்கினான்."

"வாங்கினாரு. நான் இல்லேன்னு சொல்லல்ல. இந்தக் கொடியத் தச்சதும் அவருதான். பெட்டிக்க மேல மட்டும் வேண்டாம்."

யோசுவா சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். எல்லைப் போராட்டத்துக்கு அந்தப் பகுதிச் செயலாளர் அவர். கேரளத்தில் கிடக்கும் பாறசாலையையும் நெய்யாற்றின்கரையையும் தமிழ்நாட்டோடு சேர்க்காமல் ஓயமாட்டேன் என்று மேடைதோறும் சொல்லி வருகிறவர். போன மாதம் சந்தை முக்கில் கூட்டம் நடந்தபோது போலீஸ் தடியடி நடத்தியது. ராஜப்பனுக்கு இடுப்பில் விழுந்தது, யோசுவாவுக்கு முழங்காலில். இன்னமும் கம்பு ஊன்றித்தான் நடக்கிறார். அதனாலேயே அவர் சொல்லை எவரும் தட்டுவதில்லை.

செல்லபாய் தட்டினாள். கொடியை வாங்கி நான்காக மடித்து, ராஜப்பனின் தையல் மெஷின் மேல் கொண்டு வைத்தாள். அதன் தட்டில் அவன் கடைசியாக வெட்டிப் போட்ட துணி அப்படியே இருந்தது.

நேற்றுச் சாயந்திரம் முதல் ராஜப்பனுக்கு ஆளுக்கொரு சாவு கொண்டுவந்து நீட்டிக்கொண்டிருந்தார்கள். காலையில் ரோட்டில் நின்றே ஹெட் கான்ஸ்டபிள், "சொந்தமாயிட்டு மருந்து குடிச்சதாணோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவனாகவே விஷம் குடித்துச் செத்ததாக இருந்துவிட்டால் போலீஸுக்கு நிம்மதி. யோசுவாவுக்குப் போலீஸ் அடியில் செத்த தியாகி வேண்டும். சபை உபதேசியார் நேசமணிக்கு, கர்த்தர் அழைத்துக்கொண்டார் என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். எல்லாரும் நல்லவர்கள்தான். ஆனால் இதில் ஒன்றுகூட ராஜப்பன் செத்த சாவு இல்லையே. அதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவள் அவள் ஒருத்திதான்.

அடி வாங்கி வந்த நாள் முதல் ராஜப்பனுக்கு இரண்டு நோவு. ஒன்று இடுப்பில். அதற்குத் தெற்கே மிஷன் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்தார்கள். தவிட்டு நிறத்தில் ஒரு குப்பி. எத்தனை குடிக்கலாம் என்று காட்ட, பல் பல்லாக வெட்டிய காகிதத்தைக் குப்பியின் பக்கவாட்டில் ஒட்டியிருந்தார்கள். அபின் சேர்ந்த மருந்து, வலி பொறுக்க முடியாதபோது ஒரு வெட்டு அளவு, அதற்கு மேல் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள்.

இன்னொரு நோவு பயம். ரோட்டில் எந்த வண்டி போனாலும் ராஜப்பன் மெஷினுக்குப் பின்னால் போய் ஒடுங்கினான். ஊசியில் நூல் கோர்க்க முடியாமல் கை உதறியது. கண் மூடினால் தடி இறங்குகிறது என்றான். மூன்று வாரம் உறக்கமே இல்லை. பிறகுதான் யோசுவாவையும் கூட்டிக்கொண்டு நெய்யாற்றின்கரையில் ஒரு டாக்டரிடம் போனார்கள். அவர் மலையாளி. பொறுமையாகக் கேட்டார். நரம்பு அடங்கி உறக்கம் வரும் என்று சின்ன வெள்ளை மாத்திரைகளைப் பொட்டலம் கட்டிக் கொடுத்தார்.

கொடுப்பதற்கு முன், வேறு மருந்து ஏதும் சாப்பிடுகிறானா என்று அவர் கேட்கத்தான் செய்தார். "வேறே மருந்து வல்லதும் கழிக்குந்நுண்டோ?"

"இல்ல," என்றான் ராஜப்பன்.

பஸ்ஸில் வரும்போதே யோசுவா சொல்லிக் கொடுத்த பாடம் அது. "அவன் மலையாளியாக்கும். மிஷன் ஆஸ்பத்திரின்னு சொன்னா எதுக்குப் போனேன்னு கேப்பான். அடி விழுந்தது தெரிஞ்சா நாளைக்கு ஸ்டேஷனுக்குப் போவும். இடுப்ப நிமித்தி நட. தொழில் கஷ்டம், அதான் ஒறக்கமில்லன்னு சொல்லு." ராஜப்பன் பல்லைக் கடித்துக்கொண்டு நிமிர்ந்து நடந்து டாக்டர் முன்னால் போய் உட்கார்ந்தான். நெற்றியில் வேர்த்ததைப் பயத்தால் வந்த வேர்வை என்றுதான் அந்த மனிதர் நினைத்தார். செல்லபாய் கதவருகே நின்று எல்லாவற்றையும் பார்த்தாள்.

அதன் பிறகு பகலில் குப்பி, ராத்திரியில் பொட்டலம் என்று போய்க்கொண்டிருந்தது. நேற்றுக் காலையில் போலீஸ் ஜீப் ஒன்று வாசலுக்கு நேராக நின்றது. யாரையோ விசாரித்துவிட்டுப் போய்விட்டது. அதற்குள் ராஜப்பன் எழும்பி ஓடப் பார்த்து இடுப்பைத் திருகிக்கொண்டான். உடம்பு முழுக்க நடுங்கியது. ஒரு மாத்திரை போட்டான். நடுக்கம் கொஞ்சம் அடங்கியதும் வலி ஏறியது. குப்பியில் ஒரு வெட்டு அளவு ஊற்றிக் கொடுத்தாள். இரண்டும் சொன்ன அளவுதான். ஒரு துளி கூடவில்லை.

சோற்றுக்கு முன்னாலேயே உறங்கிப்போனான். எத்தனை நாளைக்குப் பிறகு. குறட்டை கேட்டபோது செல்லபாய்க்கு அழுகையே வந்துவிட்டது, சந்தோஷத்தில். கோழிகளை விரட்டிவிட்டாள். மகள் ஜெஸியிடம் நெல் குத்த வேண்டாம் என்றாள். வந்தவர்களை எல்லாம் உதட்டில் விரல் வைத்து வாசலோடு திருப்பி அனுப்பினாள். குறட்டை கனமாக இருந்தது. பிறகு விட்டு விட்டு வந்தது. பிறகு நின்றது. ஆழ்ந்து உறங்குகிறார் என்று எண்ணிக்கொண்டு அவள் மீன் கழுவப் போனாள்.

காப்பி கொண்டுவந்து எழுப்பும்போது உதடு நீலமாக இருந்தது.

ஜெஸி ஓடிப் போய் வாடகைக் காரில் அந்த டாக்டரையே கூட்டிக்கொண்டு வந்தாள். வந்து என்ன. அவர் நாடியைப் பார்த்தார், கண்ணை விரித்துப் பார்த்தார். பிறகு மெஷின் மேல் இருந்த குப்பியை எடுத்து மோந்து பார்த்தார். அப்படியே கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

"இது எவிடுந்நு?"

எங்கிருந்து வந்தது என்று சொன்னாள். இனி மறைத்து யாரைக் காப்பாற்ற?

டாக்டர் அவளுக்குப் புரியும்படி தமிழும் மலையாளமுமாகப் பேசினார். "தனித்தனியே கழிச்சா ரெண்டும் நல்ல மருந்நாணு. ஒருமிச்சு உள்ளே போனா ஆளு மட்டுமல்ல, ஸ்வாசவும் ஒறங்கும். நீங்க கேட்ட ஆ குறட்டை ஒறக்கமல்லாயிருந்நு, அம்மா. மூச்சு முட்டுந்ந சப்தமாணு. அப்போ எழுப்பியிருந்நெங்கில்." அதோடு நிறுத்திக்கொண்டார். போகும்போது வாசலில் நின்று, "ஞான் மலையாளி ஆயதுகொண்டாணோ சொல்லாதிருந்நது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்டிருந்தால் அவளும் ஏதாவது சொல்லியிருப்பாள்.

இதை எல்லாம் நேற்றே யோசுவாவிடம் சொல்லியாயிற்று. அவர் ஒரே வாக்கில் அடித்துத் தள்ளினார். "மலையாளி டாக்டரு போலீஸக் காப்பாத்த ஒரு கத கெட்டுகான். நீ அதக் கேட்டுக்கிட்டுப் பாடுகே." சரி, நம்பாவிட்டால் போகட்டும் என்றுதான் அவளும் இருந்தாள், இன்று காலையில் யோசுவாவின் மனைவி ரத்னபாய் அடுக்களைக்குள் வந்து கதவைச் சாத்தும் வரை.

"அக்கா, ரெண்டும் சேந்தாத்தான் ஆளு போவுமா? நெசமாட்டா?"

"நெசந்தான். ஏன் கேக்கே?"

ரத்னபாய் முந்தானையைச் சுருட்டி வாயில் வைத்துக்கொண்டாள். "இவருக்கும் அந்தக் குப்பி உண்டு. அது ஒமக்குத் தெரியும். பொட்டலமும் உண்டு அக்கா. அதே டாக்டருதான். ராத்திரி அலறிக்கிட்டு எழும்புகாரு. செயலாளரு பயப்படுகாருன்னு தெரிஞ்சா ஊரு சிரிக்குமுன்னு ஆருட்டயும் சொல்லப்பிடாதுன்னாரு. நான் சொன்னா கேக்கமாட்டாரு. நான் ஒமக்கிட்ட சொன்னேன்னு தெரிஞ்சாலே என்னக் கொன்னுபோடுவாரு."

செல்லபாய் உப்பு மரவையை எடுத்தாள், திரும்ப வைத்தாள். ராஜப்பனுக்குப் பக்கத்தில் நின்று பொய் சொல்லப் பழக்கிய ஆள், தனக்கும் அதே பொய்யைச் சொல்லிக்கொண்டு அதே டாக்டரிடம் போயிருக்கிறார். இன்றைக்குப் பெட்டி தூக்கி, கால் வலித்து, மனசும் கலங்கி வீட்டுக்குப் போனால் அவர் எதை எடுப்பார்? இரண்டையும்தான் எடுப்பார். இது அவர் ஒருவரோடு நிற்குமா? அன்றைக்கு அடி வாங்கியவர்கள் வேறு எத்தனை பேர் குப்பியை மிஷன் ஆஸ்பத்திரியிலிருந்தும் பொட்டலத்தை நெய்யாற்றின்கரையிலிருந்தும் வாங்கி, ஓரிடத்தில் வாங்குவதை மற்ற இடத்தில் சொல்லாமல் வைத்திருக்கிறார்களோ. வீட்டுக்கு வீடு போய்க் கேட்டால் ஒருத்தனாவது ஆமாம் என்பானா?

"நீ சொன்னதா நான் சொல்லமாட்டேன். நீ போ," என்றாள்.

அதன் பிறகுதான் அவள் முற்றத்துக்கு வந்து கொடியைத் தடுத்தது. பெட்டி மேல் கொடி விழுந்துவிட்டால் கதை முடிந்தது. போலீஸ் கொன்றது என்று ஊரெல்லாம் சொல்லும், குப்பியைப் பற்றியோ பொட்டலத்தைப் பற்றியோ ஒரு நாய் கேட்காது.

உபதேசியார் நேசமணி அவளை வீட்டை ஒட்டிய சாய்ப்புப் பக்கம் கூட்டிக்கொண்டு போனார். மெலிந்த, பயந்த மனிதர். ஜெபம் சொல்லும்போது மட்டும் குரல் பெரிதாகும். "செல்லபாயி, ஒனக்க மனசு எனக்குத் தெரியும். மருந்துன்னு மட்டும் வாயத் தொறக்காத மக்கா. மருந்துன்னு கேட்டா சபை மூப்பமாரு, சாவணும்னு அவன் தானே குடிச்சான்னு சொல்லுவினும். பெறவு கல்லறைத் தோட்டத்து மதிலுக்கு வெளியதான் குழி. மணி அடிக்கப்பிடாது, பாட்டு பாடப்பிடாது. ராஜப்பனுக்கு அதா வேணும்?"

"அவரு தானே குடிக்கல்ல. நான் ஊத்திக் கொடுத்தேன்."

"அது ஒனக்கும் எனக்கும் தெரியும்."

"பெறவு என்ன. மதிலுக்கு வெளியன்னா வெளிய. பொய்யச் சொல்லி நல்ல மண்ணு வாங்கினா அதுல அவரு ஒறங்குவாரா?" உபதேசியார் வேதப் புத்தகத்தை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டார்.

பெட்டி புறப்பட்டது. கம்பை ஒரு கையில் ஊன்றிக்கொண்டு, மறு தோளில் பெட்டியைத் தாங்கி நடந்தார் யோசுவா. வேண்டாம் என்று சொன்னவர்களைக் கேட்கவில்லை. அந்த நடையைப் பார்த்துக்கொண்டே பின்னால் நடந்தாள் செல்லபாய். கல்லறைத் தோட்டத்து மதில் ஓரத்தில் ஹெட் கான்ஸ்டபிளும் இரண்டு போலீஸ்காரர்களும் நின்றார்கள். யாராவது கோஷம் போட்டால் பிடித்துக்கொண்டு போகத்தான்.

மண் போடுவதற்கு முன் இறந்தவரின் ஜீவிய சரித்திரம் சொல்வது அந்தச் சபையின் வழக்கம். பிறந்தது, ஞானஸ்நானம் பெற்றது, தொழில், கல்யாணம், பிள்ளை, எப்படி நோய்ப்பட்டார், எப்படி மரித்தார். கிழவன் செத்தாலும் குழந்தை செத்தாலும் அது உண்டு. உபதேசியார் சொல்வார், மற்றவர்கள் கேட்டு நிற்பார்கள். பெண்கள் கல்லறை வரை வருவார்கள், பேசமாட்டார்கள்.

"... நல்ல தையல்காரராகவும், சபைக்கு உண்மையுள்ளவராகவும் ஜீவித்து," என்று ஒரே மூச்சில் வந்துகொண்டிருந்த உபதேசியார், "சில காலம் சுகவீனமாக இருந்து, நேற்றைய தினம் கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்," என்று முடித்தார்.

"உபதேசியாரே, ஒரு காரியம் விட்டுப்போச்சு," என்றாள் செல்லபாய்.

தலைகள் எல்லாம் திரும்பின. ஜெஸி அவள் சட்டையைப் பிடித்து இழுத்தாள். செல்லபாய் மகளின் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டாள். பேசும்போது அது உபயோகப்பட்டது.

"சுகவீனம்னு சொன்னீரு. என்ன சுகவீனம்? போன மாசம் போலீஸ் அடிச்சுது. அதுல இடுப்பு போச்சு. அதுக்கு மிஷன் ஆஸ்பத்திரியில மருந்து வாங்கினோம். பெறவு அவருக்குப் பயம் பிடிச்சுது. அதுக்கு வேற டாக்டரு மாத்திரை கொடுத்தாரு. ஒரு டாக்டருக்குத் தெரியாம இன்னொரு டாக்டருக்கிட்ட வாங்கினோம். அவரு மலையாளின்னு பயந்து மறச்சோம். ரெண்டும் ஒண்ணாப் போயி மூச்ச நிறுத்திச்சு. அடியும் நெசம், மருந்தும் நெசம். அவரு சாவணும்னு குடிக்கல்ல. ஒறங்கணும்னு குடிச்சாரு. அவரு குறட்ட விட்டப்ப நல்ல ஒறக்கம்னு நெனச்சு நான் எழுப்பல்ல. இஞ்ச நிக்கியதுல ஆரு வீட்டுலயெங்கிலும் ரெண்டும் இருந்தா, ஒண்ண எடுத்து மாத்தி வையுங்க. டாக்டருக்கிட்ட போயி உள்ளதச் சொல்லுங்க. மலையாளின்னாலும் சொல்லுங்க. அப்பிடி குறட்ட கேட்டா, அடிச்செங்கிலும் எழுப்புங்க."

யோசுவாவின் முகம் சிவந்துவிட்டது. "ராஜப்பன் பயந்தான்னு சொல்லுகியா? இவனுவளுக்க முன்னால நின்னு?" கம்பை மதில் பக்கம் நீட்டினார்.

"பயந்தாரு. பயந்து நடுங்கின கையோடதான் அடுத்த கூட்டத்துக்குக் கொடி தச்சாரு. பாக்கணுமெங்கி வீட்டுல இருக்கு, போயிப் பாரும். தையல் நேரா இல்ல."

கூட்டத்தில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். ஹெட் கான்ஸ்டபிள் மதிலை விட்டு இரண்டடி முன்னால் வந்தார். "எந்தாணு இவிடே பிரசங்கம்?"

"மலையாளத்துல சொல்லணுமா?" என்று அவர் பக்கம் திரும்பினாள். மலையாளத்தில், நிறுத்தி நிறுத்தி, முதலிலிருந்து எல்லாம் சொன்னாள். போலீஸ் அடிச்சு என்ற இடத்தைக் கொஞ்சம் உரக்கவே சொன்னாள். கேட்டு முடித்த ஹெட் கான்ஸ்டபிள் தொப்பியைக் கழற்றி உள்ளே துடைத்தார். எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லாதவர் போல மறுபடியும் மதில் பக்கம் போய் நின்றார்.

மூப்பர்கள் இருவர் உபதேசியாரைப் பார்த்தார்கள். இந்த மண்ணில் இறக்கலாமா, கூடாதா என்பது அவர்கள் பார்வையில் இருந்தது. செல்லபாய் உபதேசியாரைப் பார்க்கவில்லை. கெஞ்சுவதற்கு அவளிடம் ஒன்றும் மிச்சமில்லை. நேசமணி புத்தகத்தைத் திறந்தார். மூப்பர்கள் பக்கம் நிமிராமலே, "மண் மண்ணுக்கும்," என்று பெரிய குரலில் ஆரம்பித்தார். கயிறு பிடித்தவர்கள் பெட்டியை இறக்கினார்கள்.

யோசுவா ஒரு பிடி மண் போடவில்லை. கம்பை ஊன்றிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

மத்தியானம் ரத்னபாய் மூச்சு வாங்க ஓடி வந்தாள். "அக்கா, வந்த ஒடனே மாத்திரையத் தின்னுட்டாரு. இப்ப காலு பொறுக்க முடியல்லன்னு குப்பியக் கேக்காரு. நான் அரிசிப் பானைக்குள்ள ஒளிச்சு வச்சிருக்கேன். வீட்டையே பெரட்டிப் போடுகாரு."

புருஷனை அடக்கம் செய்த அன்றைக்கே விதவை வீட்டு நடை இறங்கக் கூடாது என்று உள்ளே இருந்த பெண்கள் சொன்னார்கள். செல்லபாய் இறங்கினாள். நடுப் பாதையில், வேலிக்கு மேலாகத் தெரிந்த முகங்களுக்கு எல்லாம் நேராகப் பார்த்துக்கொண்டே நடந்தாள்.

யோசுவா கட்டிலில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். காலையில் பெட்டி சுமந்த கால் வீங்கிப் பளபளத்தது. அவளைக் கண்டதும், "என்னையும் அவமானப்படுத்த வந்தியா?" என்றார்.

செல்லபாய் ரத்னபாயிடம் கையை நீட்டினாள். ரத்னபாய் தயங்கித் தயங்கி அரிசிக்குள்ளிருந்து குப்பியை எடுத்துக் கொடுத்தாள். செல்லபாய் அதைக் கொண்டுபோய் யோசுவாவுக்குக் கை எட்டும் இடத்தில் வைத்தாள்.

"குடிக்கணுமெங்கி குடியும். தட்டிப் பறிக்க மாட்டேன். எனக்க மாப்பிள குடிச்சப்ப எனக்குத் தெரியாது, மீனு கழுவப் போனேன். இப்ப எனக்குத் தெரியும். நீரு குடிச்சா நான் இந்த எடத்த விட்டு அசையமாட்டேன். ஒம்மள ஒறங்க விடமாட்டேன். கம்ப எடுத்து வீங்கின காலுலயே அடிப்பேன்."

யோசுவா குப்பியைப் பார்த்தார். வலியில் தாடை ஆடியது. "காலு உயிரு போவுது பிள்ளே," என்றார். மேடையில் பேசுகிற குரல் இல்லை அது.

"தெரியும். மாத்திரைக்க வேகம் எறங்கட்டு. அந்த டாக்டருக்கிட்ட எதுக்குப் பெறவு எத, எவ்வளவு நேரம் விட்டு குடிக்கலாம்னு கேட்டுட்டு வர ஜெஸிய அனுப்பியிருக்கேன். உள்ளதெல்லாம் சொல்லச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் பொறும்."

"எனக்க பேரையுமா?"

"பேரச் சொல்லல்ல. காலு நோவத்தான் சொல்லியிருக்கேன்."

ரத்னபாய் வெந்நீரில் துணி நனைத்து முழங்காலில் சுற்றினாள். குப்பி இருந்த இடத்திலேயே இருந்தது. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். ரொம்ப நேரம் முனகல் கேட்டது. பிறகு மாத்திரை வேலை செய்திருக்க வேண்டும், குறட்டை வந்தது.

ரத்னபாய் பதறி எழும்பினாள். செல்லபாய் அவளைக் கையமர்த்திவிட்டு, கதவு நிலையில் சாய்ந்து உட்கார்ந்தாள். வெயில் முற்றத்தில் அடித்துக் கிடந்தது. ஒரு கோழி கேறிக்கொண்டு போனது. அவள் அதை விரட்டவில்லை.

குறட்டை ஒரு சீராக வந்தது. கொஞ்சம் தாழ்ந்தது. நின்றது.

"அண்ணா," என்றாள்.

நிலையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாள். "அண்ணோ."

"உம்," என்று எரிச்சலோடு வந்தது உள்ளேயிருந்து. "ஒறங்கவும் விடமாட்டியா?"

"ஒறங்கும்," என்று சொல்லிச் செல்லபாய் மறுபடியும் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பவும் கூப்பிட்டாள்.